துப்பாக்கிக்கு வாரிசு யார்?

காவிரிப் படுகையின் மிராசு வீடுகளைப் பற்றி எழுதியவர்கள் ஊஞ்சலை எழுதியிருக்கிறார்கள். பத்தாயத்தை, வெற்றிலைச் செல்லத்தை, முற்றத்தை எழுதியிருக்கிறார்கள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எழுதியவர்கள் குறைவு. கும்பகோணத்தைச் சுற்றி நான் போய்ப் பார்த்த பழைய வீடுகள் சிலவற்றில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. ஒரு வீட்டில் அதைப் பற்றிக் கேட்டபோது எண்பது வயதைத் தாண்டிய பாட்டி சொன்னார்: "அவர் போன மறு மாசமே ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுத்துட்டோம்மா. பொம்பளை பேர்ல அதை எப்படி வச்சுக்கறது?"

வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். அது சொத்து, வாரிசுக்குச் சேரும். ஆனால் கையில் வைத்திருக்க வாரிசு தன் பெயரில் தனியாக உரிமம் பெற வேண்டும். பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து அவரைப் பற்றிய அறிக்கை வர வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் இன்னொரு வழியையும் தருகின்றன: எழுபது வயதானாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம். அந்த வாரிசு மனைவியாக இருக்கலாம், மகளாகவும் இருக்கலாம்.

ஆனால் மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டும். குடும்பத்துப் பெண்களின் கையெழுத்து இந்தத் தாளில்தான் விழுகிறது. அண்ணன் தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த கை, துப்பாக்கிக்கும் எழுதிக் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை 1989இலேயே வந்துவிட்டது. அந்த உரிமை எத்தனை வீடுகளில் பத்திரப்பதிவு அலுவலக வாசலோடு நின்றுபோனது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

யார் கையில் ஆயுதம் இருக்கலாம் என்ற கேள்விக்கு அரசு சொன்ன பதில் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது 1878இல் வந்த சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு, பட்டம் பெற்றவர்களுக்கும் பெரிய ஜமீன்தார்களுக்கும் விலக்கு. இனமும் ஆஸ்தியுமே நன்னடத்தைச் சான்றிதழாக இருந்தன. குடகர்களுக்கு அன்று கொடுத்த விலக்கு இன்றும் தொடர்கிறது. ஆண் குழந்தை பிறந்தால் வானத்தை நோக்கிச் சுடுவது அங்கே பழைய வழக்கம்.

விடுதலைக்குப் பின் வந்த சட்டத்தின் 14ஆம் பிரிவில் ஒரு நல்ல வரி உண்டு: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமத்தை மறுக்கக் கூடாது. படிக்கும்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சட்டம் வந்து பத்து ஆண்டுகள்கூட ஆகவில்லை, கீழவெண்மணி நடந்தது.

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய கீழத் தஞ்சையில் கூலியாக நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட தலித் தொழிலாளர்களின் தெருவுக்குள் நிலவுடைமையாளர்களும் அடியாட்களும் நுழைந்து சுட்டார்கள். சிதறி ஓடியவர்களில் பலர் ஒரு குடிசைக்குள் ஒளிந்தார்கள். அந்தக் குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தீயைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அவர்களை அந்தக் குடிசைக்குள் விரட்டியது துப்பாக்கி. கம்பும் கல்லும் வைத்திருந்தவர்கள் எதிர்த்து நிற்க முடியாமல் போனதும் அதனால்தான்.

நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் தண்டித்தவர்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள், பெரிய நிலக்காரர்கள், தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆஸ்தியை அளவுகோலாகக் கொள்ளாதே என்று ஆயுதச் சட்டம் சொன்ன நாட்டில், ஆஸ்தியே சாட்சி சொன்னது. இதை அப்போதே விடாமல் எழுதியவர் மைதிலி சிவராமன். இறந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பதோடு நிற்காமல், நாற்று நட்ட அந்தப் பெண்கள் என்ன கூலி கேட்டார்கள் என்பதிலிருந்து தொடங்கினார் அவர்.

இதே படுகையில், அதற்கு முந்தைய தலைமுறையில், மணலூர் மணியம்மை வேட்டி சட்டை அணிந்து, முடியை வெட்டிக்கொண்டு, சிலம்பம் பழகிப் பண்ணையாட்களைத் திரட்டினார். கைம்பெண்ணின் கையில் ஒரு கம்பு இருந்ததையே ஊர் பொறுக்கவில்லை.

நம் ஊரில் டிரஸ்ட் என்றால் அன்னதானக் கட்டளை, வேதபாடசாலை. அமெரிக்காவில் துப்பாக்கிக்கே டிரஸ்ட் உண்டு. இயந்திரத் துப்பாக்கி, ஒலியடக்கி போன்றவற்றை வாங்கும் தனிமனிதர், 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி, கைரேகையும் புகைப்படமும் உள்ளூர் காவல் தலைவரின் ஒப்பமும் தர வேண்டியிருந்தது. டிரஸ்ட்டின் பெயரில் வாங்கினால் இவை எதுவும் வேண்டாம். டிரஸ்ட்டுக்கு விரல் இல்லையே! 2016 ஜூலை 13 முதல்தான் டிரஸ்ட்டின் பொறுப்பாளர் ஒவ்வொருவரும் கைரேகை தர வேண்டும் என்றானது. காவல் தலைவரின் ஒப்பத்துக்குப் பதிலாக அவருக்குத் தகவல் தந்தால் போதும் என்றும் ஆனது. எண்பது ஆண்டுகள் திறந்திருந்த புழைக்கடைக் கதவு அது.

நம் சட்டம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. நமக்குக் குடும்பமே டிரஸ்ட் மாதிரி. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். துப்பாக்கி இருப்பது எல்லோரும் புழங்கும் வீட்டில். விசாரணைக்கு வரும் காவலர் திண்ணையில் உட்கார்ந்து ஆண்களிடம் பேசிவிட்டுப் போகிறார். இவர் கோபக்காரரா, குடித்தால் என்ன செய்வார் என்பது அடுக்களையில் இருப்பவளுக்குத்தான் தெரியும். கனடாவில் உரிம விண்ணப்பத்தில் துணைவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் பிரிந்துபோனவராக இருந்தாலும் கேட்கிறார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் அவருக்குத் தகவல் போகிறது.

இங்கே 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் அடங்கும். உரிமக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டியதும் அதே திருத்தம்தான். குடும்ப வன்முறைச் சட்டத்துக்கான 2006ஆம் ஆண்டு விதிகளின்படி, பாதுகாப்பு அலுவலர் காவல்துறையின் உதவியோடு ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். எந்த ஆயுதத்தை? வன்முறையில் ஏற்கெனவே பயன்பட்ட ஆயுதத்தை.