கழற்றி வைக்கும் துவக்கும் கட்டி வைக்கும் துவக்கும்

கனடாவில் இருக்கும் என் சித்தப்பாவின் இளைய மகன் போன மாரியில் ஒரு நாள் வீடியோ அழைப்பில் வந்தான். அவன் முன்னால் மேசையில் ஒரு தோல் பெட்டி இருந்தது. திறந்து காட்டினான். ஒரு பக்கம் குழல், மறுபக்கம் மரப்பிடி.

"அண்ணை, மான் வேட்டைக்கு ஓடர் குடுத்துச் செய்விச்சனான். ரெண்டாக் கழட்டலாம்" என்றான். சொல்லிக்கொண்டே பூட்டியும் காட்டினான். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பக்கத்தில் அவனுடைய மூத்த தமையன் இருந்தான். அவனுக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே பொய்க்கால். எடுத்தது கண்ணிவெடி அல்ல, துவக்கு. அதனால்தான் இதை எழுதுகிறேன். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் சனத்துக்குப் போர்தான் நினைவுக்கு வரும். ஆனால் போருக்கு முன்னும் மன்னாரில் துவக்கு இருந்தது, போருக்குப் பின்னும் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிவது உயிர்க் காரியம்.

தாழ்ப்பாள் றைபிள்

தம்பி காட்டியது கையால் இயக்கும் வேட்டை றைபிள். அதன் பொறி கதவுத் தாழ்ப்பாளைப் போன்றது. உருக்குத் தாழை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுக் கோது வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் போகும். கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு வெடிக்கும் இதைக் கையால் செய்யவேண்டும். எங்கள் தலைமுறை பொலிஸ்காரரின் தோளில் கண்ட 303 றைபிளும் இந்த வகைதான். பிரித்தானியர் அந்த லீ என்பீல்ட் றைபிளை ஏற்றுக்கொண்டது 1895 இல். ஜேர்மன் இராணுவம் மௌசர் றைபிளை ஏற்றது 1898 இல். இன்றைய வேட்டை றைபிள்களில் பெரும்பாலானவை அந்த மௌசரின் வழிவந்தவை.

இரண்டாகக் கழற்றும் வழக்கத்துக்கும் ஒரு கதை உண்டு. ஆபிரிக்காவுக்கும் இந்தியாவுக்கும் வேட்டைக்குப் போன வெள்ளைக்காரர் கப்பலிலும் ரயிலிலும் நீண்ட துவக்கைக் கொண்டுபோகச் சிரமப்பட்டார்கள். லண்டனில் ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட், பேர்மிங்காமில் வெஸ்ட்லி றிச்சாட்ஸ் போன்ற பட்டறைகள் அவர்களுக்காகப் பெட்டிக்குள் அடங்கும் றைபிள்களைச் செய்தன. வாங்குபவரின் கை நீளம், தோள் அகலம் அளந்து வால்நட் மரத்தில் பிடி கடைவார்கள். நல்ல தையற்காரர் சட்டை தைப்பதைப் போன்ற வேலை அது.

ஆனால் இங்கே அளவு பிழைத்தால் உயிர் போகும். றைபிள் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 50,000 இறாத்தலைத் தாண்டும். காரின் ரயரில் இருப்பது 30 இறாத்தல் அளவுதான். சுடுபவரின் கண்ணுக்குச் சில அங்குலம் தள்ளி இது நடக்கிறது. ஆகவே எத்தனை முறை கழற்றிப் பூட்டினாலும் குழல் மயிரிழை பிசகாமல் பழைய இடத்தில் வந்து உட்காரவேண்டும். அதோடு, செய்தவரின் வாய்ச்சொல்லை நம்பித் துவக்கை விற்க அங்கே விடுவதில்லை. லண்டன் துவக்குச் செய்வோர் சங்கம் 1637 இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காமில் 1813 இல் சோதனைச் சாலை அமைந்தது. வழக்கத்தைவிடக் கூடிய மருந்திட்டுச் சுட்டுப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டுமே முத்திரை குத்துவார்கள்.

அப்பப்பாவின் மூன்று துண்டுகள்

துவக்கு என்பது துருக்கி மொழியின் 'துஃபெக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். சிங்களத்திலும் அது துவக்குவதான். போர்த்துக்கேயர் 1560 இல் மன்னார்த் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். 1658 இல் அது ஒல்லாந்தர் கைக்கும் 1795 இல் ஆங்கிலேயர் கைக்கும் போனது. மூன்று பேரும் துவக்கோடுதான் வந்தார்கள்.

எங்கள் வீடு தீவில். வயல் கடலுக்கு அப்பால், கட்டுக்கரைக்குளத்தின் கீழே. தீவில் பனையும் கழுதையும் உண்டு, காடு இல்லை. காடும் பன்றியும் பெருநிலத்தில்தான். அதற்காக அப்பப்பா ஒரு சொட்கண் வைத்திருந்தார். ஒற்றைக் குழல், பன்னிரண்டாம் நம்பர். ஒரு இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால், ஒரு உருண்டை நுழையும் அகலம் அந்தக் குழலுக்கு. அதனால் அந்த நம்பர். குழலில் இங்கிலாந்து முத்திரை இருந்தது. பழைய பிடி பிளந்துபோனதால் முதிரை மரத்தில் புதுப்பிடி. அது பாரம் கூடியது.

அதுவும் கழற்றும் துவக்குத்தான். குழல், பின்பிடி, முன்கட்டை என்று மூன்றாகப் பிரியும். காலபோகக் கதிர் பால் பிடிக்கும் நாட்களில் அப்பப்பா அதை மூன்று துண்டாகச் சாக்கில் சுற்றிக்கொண்டு, தாம்போதி கடந்து வயலுக்குப் போவார். அனுமதிப்பத்திரம் தகரப் பேணிக்குள். திரும்பி வந்ததும் உப்புக்காற்றில் துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசித் துடைப்பார். பிறகு குழல் வளையில் ஏறும், பின்பிடி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் போகும், தோட்டாக்கள் பெட்டகத்துக்குள். பெட்டகத் திறப்பு அப்பம்மாவின் இடுப்பில். அப்பப்பா துவக்கைப் பூட்ட நினைத்தால் அப்பம்மாவிடமும் கேட்டாகவேண்டும்.

இந்தப் பழக்கத்தின் அறிவு எனக்கு மிகப் பிந்தித்தான் விளங்கியது. கழற்றி வைத்தால் அது வெறும் இரும்பும் கட்டையும். ஒரு மனிதன் வேண்டுமென்று பூட்டினால்தான் அது துவக்கு.

எண்பதுகளின் நடுவில் ஒரு இரவு வந்து கேட்டார்கள். அப்பப்பா மூன்று துண்டையும் கொடுத்தார். தோட்டாக்களையும் கொடுத்தார். சில மாதம் கழித்து வேறு உடுப்பில் வேறு ஆட்கள் வந்து, "பத்திரம் இருக்கு, துவக்கு எங்கே?" என்று கேட்டார்கள். எடுத்தவர்கள் ரசீது கொடுத்துவிட்டுப் போகவில்லை. அந்தக் கேள்விக்காக அப்பப்பா இரண்டு நாள் அடி வாங்கினார். வடக்கில் எத்தனையோ வீடுகளுக்கு இந்தக் கதை தெரியும்.

கட்டுத்துவக்கு

2009 க்குப் பிறகு நாங்கள் வயலுக்குத் திரும்பியபோது வரம்பு வரைக்கும் காடு வந்திருந்தது. ஆளில்லாத காலத்தில் பன்றி பெருகியிருந்தது. பால் பிடித்த கதிரைப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் உழக்கிவிடும். மரவள்ளியையும் கச்சானையும் கிளறிவிடும். நகையை அடகு வைத்து விதைத்தவன் விடியப் போய்ப் பார்த்துத் தலையில் கை வைப்பான். அந்த இடத்தில்தான் கட்டுத்துவக்கு வருகிறது.

கட்டுத்துவக்கு களவாகச் செய்யப்படுவது. சோதனைச் சாலையும் இல்லை, முத்திரையும் இல்லை. தண்ணீர்க் குழாயே குழலாகிவிடுகிறது. வாய்ப்புறமாக மருந்திட்டு இடிக்கும் இடியன் துவக்கும் இப்படிச் செய்யப்பட்டால் சுடுபவரின் முகத்திலேயே பிளக்கும். ஆனால் இடியனின் பின்னால் ஒரு மனிதன் நிற்கிறான். அவனுக்குக் கண் இருக்கிறது. கட்டுத்துவக்கின் பின்னால் யாரும் இல்லை. பன்றி வரும் பாதையில் கட்டிவிட்டு ஆள் வீட்டுக்குப் போய்விடுவான். இரவு முழுக்க அது காத்திருக்கும். பன்றி, மாடு, யானை, விறகுக்குப் போகும் பெண் என்ற வித்தியாசம் அதற்கு இல்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டுவதால் மனிதனுக்குக் காலில் படும்.

தம்பியின் தமையனுக்குப் பட்டது ஒரு மாசி விடியலில். மிதிவெடி எடுத்து முடிந்தது என்று சொல்லித் திறந்துவிட்ட நிலம் அது. நம்பித்தான் நடந்தான்.

கட்டியவர் பக்கத்து வயல்காரர். அவரும் முகாமிலிருந்து வந்தவர். போரில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். ஆஸ்பத்திரிக்குத் தோடம்பழப் பையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதார். எங்களால் அவரைக் கோபிக்கவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை.

தெரிந்திருக்க வேண்டியவை

இலங்கையில் துவக்குகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதும் செய்வதும் குற்றம். 1996 திருத்தம் தண்டனைகளைக் கூட்டியது. வெடிமருந்துக்கு 1956 ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் உண்டு. ஆகவே கனடாவில் தம்பி செய்வித்ததைப் போல ஒன்றை இங்கே ஒரு பட்டறையில் கேட்டுச் செய்விக்க எண்ணவேண்டாம். பயிர்க்காவலுக்குத் துவக்கு தேவைப்பட்டால் மாவட்டச் செயலகம் ஊடாக விண்ணப்பிப்பதே வழி. கிடைத்தாலும் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். கமக்காரர் கையில் நாம் கண்டது சொட்கண்தான், றைபிள் அல்ல. அதில் நியாயமும் உண்டு. சொட்கண்ணின் சன்னம் சில நூறு யார்களுக்குள் விழுந்துவிடும். றைபிள் ரவை சில கிலோமீற்றர் போகும். மன்னார் நிலம் சமதரை. தவறிய ரவையைத் தடுக்க ஒரு மலை இல்லை.

துவக்கில்லாத காவலை ஊர்கள் இன்னும் மறக்கவில்லை. பரணும், தகரமும், டோச் லைட்டும், நாலு வயல்காரர் முறை வைத்து விழித்திருப்பதும் அந்தக் காவல்தான். முறைப்படி போட்ட மின்வேலி விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் மின்சாரத்தை விடும். அது உதறித் தள்ளும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுத்தால் அது இன்னொரு கட்டுத்துவக்கு.

வயலோரத்தில் கட்டுத்துவக்கைக் கண்டால் தொடவேண்டாம், கழற்றிப் பார்க்கவும் வேண்டாம். நின்று, வந்த காலடியிலேயே திரும்பிப் போய்க் கிராம அலுவலருக்கோ 119 இல் பொலிசுக்கோ சொல்லுங்கள். ஒருவருக்குப் பட்டுவிட்டால் சுத்தமான துணியால் காயத்தை இறுக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990 அம்புலன்சை அழையுங்கள். ஓடிப்போய்த் தூக்கவேண்டாம். பக்கத்தில் இன்னொன்று கட்டியிருக்கக்கூடும். எங்களுக்கு அன்று இவை தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு இரத்தம் போயிருக்காது.

அன்றைய வீடியோ அழைப்புக்குத் திரும்புகிறேன். தம்பி தன் நாட்டுச் சட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். பாதுகாப்புப் பயிற்சி எடுத்துப் பரீட்சை பாஸ் பண்ணித்தான் பத்திரம் பெற்றானாம். வீட்டில் தோட்டா ஏற்றி வைக்கக்கூடாது. பூட்டுப் போடவேண்டும், இல்லையென்றால் தாழைக் கழற்றி வைக்கவேண்டும். அவனுடைய சின்ன மகள் பின்னால் ஓடித் திரிந்தாள்.

தமையன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினான்.

"வடிவான சாமான்தான். சின்னனுகள் இருக்கிற வீடு. கழட்டித்தானே வைக்கிறனி?" என்று கேட்டான்.

"ஓமண்ணை."

"அப்ப சரி" என்றான்.