குளம்பு பேணாத வணிகம்

பரங்கிப்பேட்டையிலும் அதை அடுத்த கடலூர், சிதம்பரம் ஊர்களிலும் வாழும் நாம், அரபுக் குதிரை வணிகத்தைப் பெருமையாகப் பேசுவோம். குதிரையின் குளம்பைப் பேசுவதில்லை. கொல்லம் முதல் நெல்லூர் வரையான கரைக்கு அன்று மஅபர் என்று பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, பாண்டியர் வாங்கிய குதிரைகளுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மாண்டதாக எழுதுகிறார். லாடம் அடித்துக் குளம்பு பேணுவோர் இந்நாட்டில் இல்லை. வணிகர்கள் அத்தகையோரை அழைத்து வரவுமில்லை, வர விடவுமில்லை. பழையது இறந்தால்தானே புதியது விற்கும்! குளம்பில் தீப்பொறி பறக்க விரையும் குதிரைகளைச் சூரத்துல் ஆதியாத்தில் ஓதியவர்களும் அவ்வணிகர்களுள் இருந்தனர் என்பதே நம்மை உறுத்துகிறது. போலோ மிகைப்படுத்தினார் எனலாம். ஆனால் கைஸ் தீவிலிருந்து ஆண்டுதோறும் 1,400 குதிரைகள், ஒன்றுக்கு 220 தீனார் என்ற ஒப்பந்தத்தில், வழியில் இறந்தவற்றுக்கும் விலை உண்டு என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் குறித்திருக்கிறார்.