தெதுரு ஓயாக் கரையில் காய்ச்சலும் காத்திருப்பும்

சிலாபம் நகரை அடுத்துள்ள முன்னேஸ்வரம் ஈழத்தின் தொன்மைவாய்ந்த சிவத்தலங்களுள் ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட இத்தலம், கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில், 1753இல், புதுக்கப்பெற்றது. ஆவணிப் பெருந்திருவிழாவின் தீர்த்தம், சிலாபத்தருகே கடலிற் கலக்கும் தெதுரு ஓயாவில் நிகழ்கின்றது. இங்குள்ள சிவன் கோயிலுக்கும் காளி கோயிலுக்கும் தமிழரொடு சிங்கள மக்களும் நோய் நீங்க வேண்டி நேர்த்தி வைப்பர். தீர்த்தமாகப் போற்றப்படும் இதே ஆறுதான் இருபதாம் நூற்றாண்டில் இலங்கை கண்ட மிகக் கொடிய மலேரியாவோடும் தொடர்புற்றது. அந்நோயை வென்ற வரலாற்றில் மருந்தும் நுளம்புகொல்லியும் பெறும் இடத்தைப் பலரும் அறிவர். குருதி எடுக்கப்பட்ட நேரத்துக்கும் அதன் முடிவு தெரிந்த நேரத்துக்கும் இடைப்பட்ட காலம் பெறும் இடம் அத்துணை அறியப்பட்டதன்று. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1880இல் அல்ஜீரியாவிற் பணியாற்றிய பிரெஞ்சு இராணுவ வைத்தியர் லவேரன், காய்ச்சற்காரரின் குருதியில் நோயின் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் அதனை நுளம்பின் வயிற்றிற் கண்டார். அதற்கு முன்னர் வைத்தியர்கள் நாடி பார்த்தும், நடுக்கம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றதென எண்ணியும், வீங்கிய மண்ணீரலைக் கையால் தடவியுமே நோயை உய்த்துணர்ந்தனர். நோயாளி காத்திருந்தது காய்ச்சல் தணிவதற்கேயன்றி, ஒரு சோதனையின் முடிவுக்காக அன்று. கோயிலில் வைத்த நேர்த்தியும் ஒருவகைக் காத்திருப்பே. எனினும், உடலினுள் நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு விடை தருவது அதன் வேலையன்று.

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுரு ஓயா, மகா ஓயா, களனி கங்கை ஆகியன வற்றி, மணற்படுகைகளிற் குட்டைகளாகத் தேங்கின. வெயில் படும் தெளிந்த குட்டைநீரே அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்னும் நுளம்பு பெருகுதற்கு உகந்த இடம். வழக்கமாக ஆற்றோட்டம் அதன் முட்டைகளையும் குடம்பிகளையும் அடித்துச் செல்லும். அவ்வாண்டு அது நிகழவில்லை. ஆண்டின் இறுதியிற் பரவிய கொள்ளைநோய், குருநாகல், கேகாலைப் பகுதிகளையே மிகுதியாக வாட்டியது. நோய் அடிக்கடி தாக்காத அப்பகுதி மக்களிடம் எதிர்ப்பாற்றல் குறைவாயிருந்தது. வறுமையும் பசியும் துன்பத்தைப் பெருக்கின. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். காய்ச்சல் கண்டோர் அனைவரின் குருதியையும் நுணுக்குக்காட்டியில் நோக்குவது அந்நிலையில் இயலாததொன்று. சோதனைக்குக் காத்திராது கொயினா வழங்குவதே செய்யத்தக்கதாயிற்று. சூரியமல் இயக்கத்தினர் முதலாய தொண்டர்கள் மருந்தொடு உணவும் கொண்டு கிராமங்களுக்குச் சென்றனர்.

1946இல் டி.டி.ரீ. தெளிக்கும் பணி நாடளாவியதாகத் தொடங்கிய பின் நோய் விரைந்து குறைந்தது. நோயாளர் குறையக் குறைய, எஞ்சியோரைத் தேடிக் கண்டறிவதே முதன்மை பெற்றது. ஊழியர் வீடுவீடாகச் சென்று, காய்ச்சல் கண்டோரின் விரல்நுனியிற் குருதி எடுத்துக் கண்ணாடித் தகட்டிற் பூசினர். தகடு உலர்ந்து, ஆய்வுகூடம் சென்று, கீம்சாச் சாயம் ஏறி, நுணுக்குக்காட்டியின் கீழ் நூறு பார்வைப்புலங்களேனும் நோக்கப்பட்ட பின்னரே முடிவு கிடைக்கும். அதுவரை நோயாளியைக் கடிக்கும் நுளம்பு நோயைப் பிறர்க்கும் கொண்டுசெல்லக் கூடும். ஆகவே குருதி எடுக்கும்போதே குளோரோகுயின் ஒருவேளை கொடுக்கப்பட்டது. நோய் உறுதியானபின் முழுச் சிகிச்சை தொடர்ந்தது. காத்திருக்கும் காலம் வெறுமனே கழியாது சிகிச்சையின் ஒரு பகுதியாக அமைந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

1963இல் நாடு முழுவதிலும் பதிவான நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி முற்றுப்பெற்றதென்னும் எண்ணம் பரவிற்று. தெளிப்புப் பணி நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1967இன் பிற்பகுதியில் மழை குறைந்து ஆறுகள் மீண்டும் குட்டைகளாயின. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. நோய் மீண்டமைக்குக் காரணங்கள் பல. ஆயினும், குருதி எடுக்கப்படாத நோயாளியும் காலந்தாழ்த்திப் பார்க்கப்பட்ட தகடும் நோய்க்கு வழிவிட்டன என்பதில் ஐயமில்லை.

பல்லாண்டு முயற்சியின் பின், 2012 ஒக்டோபரில் உள்நாட்டிற் தொற்றிய இறுதி நோயாளர் பதிவானார். 2016 செப்டெம்பர் 5ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. விரைவுச் சோதனையின் முடிவு இன்று அரைமணி நேரத்துக்குள் தெரிகின்றது. எனினும் நுளம்பு அழிந்துவிடவில்லை. பிறநாட்டிலிருந்து காய்ச்சலோடு திரும்புவோரின் குருதியைத் தாமதமின்றிச் சோதித்தல் இன்றும் இன்றியமையாததாகும்.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, சோதனை முடிவுக்காகக் காத்திருத்தல் நோயாளியொருவரின் தனித்துயர் மட்டுமன்று என்பது புலனாகும். குருதித் தகடாயினும் ஸ்கான் படமாயினும், முடிவு வருமளவும் நோயாளி அஞ்சியிருப்பார். அவ்வச்சத்தை எக்கருவியும் முற்றாக நீக்கவில்லை. ஆனால் அக்காலம் எவ்வளவு நீளும், அதனிடையே அவருக்கு என்ன உதவி கிட்டும் என்பவற்றைத் தீர்மானிப்பது சமுதாயமே. முன்னேஸ்வரத்தில் நேர்த்தி வைப்பவர் தம் காத்திருப்பைத் தெய்வத்திடம் ஒப்படைக்கின்றார். அவரது குருதித் தகட்டை உரிய வேளையில் நோக்க வேண்டிய கடமை மனிதருடையது.