முன்சக்கரக் கால்: சொந்தமாகக் கட்டப்படும் சிறுவிமானங்களில்

மூன்று சக்கரங்களில் நிற்கும் சிறுவிமானத்தின் மூக்கைத் தாங்குவது முன்சக்கரக் கால். வீட்டுக் கொட்டகையிலும் வாடகைப் பட்டறையிலும் தனியார் கட்டும் விமானங்களில் இது பெரும்பாலும் எஞ்சின் மவுண்டிலிருந்து முன்னும் கீழுமாக நீளும் ஒற்றை எஃகுத் தண்டு. அதன் அடிமுனையில் ஃபோர்க். ஃபோர்க்கில் ஆக்ஸில், இரண்டு பேரிங், ஒரு சிறிய டயர். நிற்கும் விமானத்தின் எடையில் 8 முதல் 15 விழுக்காடு மட்டுமே இக்காலில் விழுகிறது. மீதியைப் பின்னாலுள்ள இரு முதன்மைச் சக்கரங்கள் சுமக்கின்றன. எடை குறைவு என்பதாலேயே கட்டுபவர்கள் பலர் இதை அக்கறையில் கடைசியாக வைக்கிறார்கள். தரையில் ஓடும்போது முதலில் அடி வாங்குவது இதுதான்.

இந்தியாவில்

இந்தியாவில் இத்தகைய விமானங்கள் குறைவு; ஆனால் கதை பழையது. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் 1980-களில் கட்டிய கனார்ட் ஆராய்ச்சி விமானம், அமெரிக்கர் பர்ட் ரூட்டன் சொந்தக் கட்டுமானர்களுக்காக வடிவமைத்த லாங்-ஈஸி விமானத்தை அடியொற்றியது. லாங்-ஈஸியின் முன்கால் கண்ணாடி இழையால் ஆனது. பைலட் கைப்பிடியைச் சுற்றி அதை உள்ளே மடக்கலாம். நிறுத்தியபின் முன்காலை மடக்கி மூக்கைத் தரையில் ஊன்றி வைப்பார்கள். அதே ஆய்வகத்தின் ஹன்சா, 1993 நவம்பர் 17 அன்று முதலில் பறந்தது. அதன் மூன்று சக்கரங்களும் மடங்காதவை. பெங்களூரின் ராஜ் ஹம்ஸா நிறுவனம் எக்ஸ்-ஏர் என்ற மென்விமானத்தை உருவாக்கி ஐரோப்பாவுக்கும் அனுப்பியது. பிரிட்டனில் பலர் அதை உதிரிப் பெட்டிகளாக வாங்கித் தாங்களே பூட்டிப் பறந்தார்கள்.

தனிமனித முயற்சிகளும் உண்டு. இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த, பேச்சும் கேட்கும் திறனும் இல்லாத சஜி தாமஸ் தாமே இரண்டு இருக்கை மென்விமானம் ஒன்றைக் கட்டினார். மும்பை பைலட் அமோல் யாதவ் கட்டட மொட்டைமாடியில் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2017-இல் பதிவு பெற்றது. ஆலப்புழையைச் சேர்ந்த அசோக் தாமரக்‌ஷன், கொரோனா ஊரடங்குக் காலத்தில் இங்கிலாந்தின் எசெக்ஸில் தம் வீட்டிலேயே ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நான்கு இருக்கை விமானத்தைப் பூட்டி, குடும்பத்தோடு அதில் பறந்தார். இவர்களுக்குப் பின்னால் வருவோர் தமிழ்நாட்டிலும் இருப்பார்கள் என்பதால் இக்காலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கால் தாங்கும் விசை

அமெரிக்காவில் சிறுவிமானங்களுக்கு நெடுங்காலம் நடைமுறையில் இருந்த பிரிவு 23 விதிகள் ஒரு நல்ல அளவுகோல் தருகின்றன. முன்சக்கரத்தில் நிற்கும் நிலையில் விழும் எடையைப் போல் 2.25 மடங்கை அது செங்குத்தாகத் தாங்க வேண்டும். அந்தச் செங்குத்து விசையில் 0.8 பங்கு பின்னோக்கியும், தனியே 0.7 பங்கு பக்கவாட்டிலும் வந்தாலும் தாங்க வேண்டும். 600 கிலோ விமானத்தில் 12 விழுக்காடு முன்சக்கரத்தில் விழுவதாகக் கொள்வோம். அது 72 கிலோ. செங்குத்துக் கணக்கு 162 கிலோ, பின்னிழுப்பு சுமார் 130, பக்கத்தள்ளல் சுமார் 113. முன்காலை முறிப்பது பெரும்பாலும் இந்தப் பின்னிழுப்புதான். குழியில் இறங்கும் சக்கரம், இறுகிப்போன பேரிங், காற்றிறங்கிய டயர், மெத்தென்ற மண் எல்லாமே அதைக் கூட்டுகின்றன.

முறியும் விதம்

முன்கால் எப்படி முறிகிறது என்பதை உலகம் தெளிவாகக் கற்றது அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வரிசையிலிருந்து. 11,000-க்கும் மேற்பட்ட ஆர்வி விமானங்கள் கட்டிப் பறக்கவிடப்பட்டுள்ளன. அவற்றுள் 6ஏ, 7ஏ, 8ஏ, 9ஏ ஆகியவை முன்சக்கர வகைகள். முன்சக்கரம் தானாகத் திரும்பும். திசை மாற்றுவது இடது, வலது பிரேக்குகள்தாம். தண்டு கெட்டியான எஃகு என்றாலும் வளைந்து கொடுக்கவே செய்யும். அது பின்னால் வளையும்போது ஃபோர்க்கை இறுக்கிப் பிடிக்கும் அடிநட்டு தரையை நோக்கி இறங்குகிறது. நட்டுக்கும் தரைக்கும் இடைவெளி குறைவாக இருந்தால், புல்வெளியில் ஒரு மேட்டில் அது மண்ணைக் கவ்விவிடுகிறது. கவ்விய பிறகு சக்கரம் உருள்வதில்லை. தண்டு வயிற்றுக்கடியில் மடிந்து, விமானம் மூக்கைக் குத்தி மல்லாந்து விழுகிறது. மேல்மூடி தரையில் அழுந்தியிருப்பதால் உள்ளே இருப்பவர் வெளியேறுவதும் கடினம்.

2007 நவம்பரில் வேன்ஸ் வெளியிட்ட சர்வீஸ் புல்லட்டின் புதிய ஃபோர்க்கையும் தண்டின் மாற்றத்தையும் பரிந்துரைத்தது. அதன் முதன்மைப் பயன் அடிநட்டுக்குக் கூடுதலாக ஏறத்தாழ ஓர் அங்குல இடைவெளி. நான்கு இருக்கை ஆர்வி-10 விமானத்தில், கால் கீலில் அசைந்து ரப்பர் திண்டுகளில் அமுங்குகிறது. நட்டைத் தரையிலிருந்து உயர்த்தியதே இந்தப் பிரச்சினைக்கான முதல் தீர்வு, எஃகைத் தடிப்பாக்கியது அல்ல. வலுப்படுத்த நினைக்கும் எவரும் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதுதான்.

வலுப்படுத்துதல்

தண்டின் விட்டத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் வளைவு வலிமை 33 விழுக்காடு கூடும். விறைப்பு 46 விழுக்காடு கூடும். கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் கால் வளைந்து உள்வாங்கிய ஆற்றல் இப்போது எங்காவது போயாக வேண்டும். அது எஞ்சின் மவுண்டின் குழாய் இணைப்புகளுக்கும், எஞ்சினை விமானி அறையிலிருந்து பிரிக்கும் தடுப்பான ஃபயர்வாலுக்கும் போகிறது. வளைந்த காலை ஒரு நாளில் மாற்றிவிடலாம். ஃபயர்வால் கிழிந்தால் விமானத்தின் முன்பாதியே போனதுபோல. எனவே காலின் பின்புறம் பிணைக்கும் தாங்கிப் பட்டை, தடித்த தண்டு என எதைச் சேர்த்தாலும், வடிவமைத்தவரின் ஒப்புதலோடும் மவுண்டை மறுகணக்கிட்டும்தான் சேர்க்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய மாற்றத்துக்குச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டிஜிசிஏ) ஒப்புதலும் வேண்டும்.

மதுரையில் செல்லூர்ப் பக்கத்து லேத் பட்டறையில் ஃபோர்க்கைச் சரிபார்க்கும் ஜிக், ஆக்ஸிலுக்கு ஸ்பேசர், பேரிங் கழற்றும் கருவி எல்லாம் அழகாகக் கடைந்து வாங்கலாம். ஆனால் வெப்பப் பதமேற்றிய கால் தண்டில் வெல்டிங் பொறி படக் கூடாது. பட்ட இடத்தைச் சுற்றிப் பதம் போய்விடும். அடுத்த முறிவு அங்கேதான் தொடங்கும். துருவுக்கு அஞ்சிக் குரோமிய முலாம் பூசக் கொடுப்பது இன்னும் மோசம். அமிலக் குளியலிலும் முலாம் பூச்சிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். உடனே உரிய சூட்டில் சுட்டெடுக்காவிட்டால் தண்டு பார்வைக்குப் பளபளவென இருந்து திடீரென முறியும். நல்ல பெயின்டே போதும். வளைந்த தண்டைச் சுத்தியலால் நிமிர்த்தி மீண்டும் பூட்டுவது எந்த நாட்டிலும் ஏற்கத்தக்கதல்ல.

பராமரிப்பு

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுழற்றினால் அது சில சுற்றுகளாவது ஓட வேண்டும். ஆக்ஸில் நட்டை இறுக்கும்போது பேரிங் சீல் உராய்ந்து சக்கரத்தைப் பிடிப்பது பொதுவான குறை; அந்தப் பிடிப்பே பின்னிழுப்பாக மாறுகிறது. பேரிங்குகளுக்கு நடுவே சரியான நீளத்தில் ஸ்பேசர் வைத்தால் இறுக்கம் சக்கரத்தில் ஏறாது.

ஆர்வி வகைகளில் ஃபோர்க் பக்கவாட்டில் திரும்புவதற்கு ஒரு தடை வேண்டும். குவிந்த வட்ட வாஷர்களை இறுக்கி அதை உண்டாக்குகிறார்கள். ஸ்பிரிங் தராசை ஆக்ஸிலில் மாட்டிப் பக்கவாட்டில் இழுத்தால், ஏறத்தாழ 10 கிலோவில் ஃபோர்க் அசையத் தொடங்க வேண்டும். தடை குறைந்தால் சக்கரம் படபடவென ஆடும். அந்த ஆட்டம் தண்டின் மேல்நுனிவரை ஏறி மவுண்டை விரிசல் விடச் செய்யும். வாஷர்கள் தேயத் தேயத் தடை குறைவதால், புதிய விமானத்தில் இதை அடிக்கடி பார்க்க வேண்டும்.

விரிசல் தேட மலிவான, நம்பத்தக்க வழி சாய ஊடுருவல் சோதனை. கால் மவுண்டில் நுழையும் இடத்திலும் போல்ட் துளை ஓரத்திலும் பெயின்டை நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும். சிவப்புச் சாயத்தைத் தெளித்துப் பத்து, இருபது நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தபின் வெள்ளைப் பொடியைத் தெளித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் வெள்ளையில் மெல்லிய சிவப்புக் கோடாக ஊறி வெளிவரும். கோடு தெரிந்தால் அந்தப் பாகம் கழிவு. தேய்த்துவிட்டு மீண்டும் பார்க்கலாம் என்ற யோசனையே கூடாது.

சீனித் சிஎச்-701 போன்ற விமானங்களில் முன்கால் ரப்பர் பஞ்ஜிக் கயிற்றில் துள்ளுகிறது. கோடை வெயிலில் வெளியே நிற்கும் விமானத்தில் அந்த ரப்பர் வெடித்துத் தொய்ந்துவிடும். ஆகவே நாள் கணக்கு வைத்து மாற்றுவதே சரி.

நிலமும் ஓட்டும் முறையும்

மதுரை விமான நிலையத்தின் 2,285 மீட்டர் ஓடுபாதையில் எந்த முன்காலும் சிரமப்படாது. சிக்கல் சிறு ஓடுதளங்களில். திருமங்கலம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் களியாகிச் சக்கரத்தைப் பிடிக்கும். இரண்டு நிலையும் சிறிய முன்சக்கரத்துக்குப் பகை. செம்மண், சரளைத் தளம் மேலானது. அங்கே சக்கரக் கவசத்துக்குள் கல் சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். இத்தகைய தளங்களில் கவசத்தைக் கழற்றிவிட்டே பறப்பவர்கள் உண்டு.

ஓடுதளத்தை நடந்து பார்த்தபின், ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுத்து வைத்து ஓடத் தொடங்க வேண்டும். வேகம் கூடக் கூட எலிவேட்டர் மூக்கின் பாரத்தைத் தூக்கிக்கொள்ளும். இறங்கும்போது முதன்மைச் சக்கரங்கள் தொட்ட பிறகும் ஸ்டிக்கைத் தளர்த்தாமல், மூக்கு தானாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் பிரேக்கை அழுத்தினால் எடை முழுவேகத்தில் முன்சக்கரத்துக்கு மாறும். இறக்கம் கடினமாக இருந்திருந்தால், அன்றைய பறப்பை அத்தோடு நிறுத்தி, மவுண்டின் வெல்டிங்குகளையும் கால் போல்ட்டையும் சாயம் தெளித்துப் பார்த்து, பார்த்ததை விமானத்தின் பதிவேட்டில் எழுதிய பின்னரே அடுத்த பறப்பு.