டாப் ஸ்டேஷனில் ரயில் ஏது?



மூணாறு போய் வந்த படங்களை நீங்கள் போடும்போதெல்லாம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றும். மலை உச்சியில் இருக்கும் அந்த இடத்துக்கு 'டாப் ஸ்டேஷன்' என்று ஏன் பெயர் வந்தது?

2009 டிசம்பரில் நண்பர்கள் நால்வர் குரங்கணியிலிருந்து அங்கே நடந்தே ஏறினோம். பாதி மலைக்கு மேல் மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகுகூடத் தெரியவில்லை. உச்சியில் ஒரு தேநீர் குடித்துவிட்டு, ஜீப்பில் எல்லப்பட்டி, குண்டளை, மாட்டுப்பட்டி வழியாக மூணாறு சேர்ந்தோம். 32 கிலோமீட்டர். வழியெல்லாம் தேயிலை, கண்ணுக்குக் குளிர்ச்சி.

அந்த வழி நாம் வேடிக்கை பார்க்க உண்டானதல்ல, தேயிலைப் பெட்டிகளுக்காக உண்டானது. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். பாரம் தண்டவாளத்தின் மேல் இருக்கும். பக்கத்தில் தரையில் ஓடும் பெரிய சக்கரம் வண்டி சாயாமல் காக்கும். இழுத்தவை மாடுகள். 1908இல் அது இரண்டடி அகலக் குறுகிய ரயில் பாதையாக மாறியது.

டாப் ஸ்டேஷனுக்கு வந்த பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கி, சுமார் 5 கிலோமீட்டர் கீழே கோட்டகுடிக்கு இறங்கும். அதுதான் 'பாட்டம் ஸ்டேஷன்'. அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். பிறகு கப்பலேறி இங்கிலாந்து.

1924 ஜூலையில் பெருமழை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்பார்கள். தண்டவாளமும் பாலங்களும் அடித்துப்போயின. ரயிலை மறுபடி போடவே இல்லை.

பெட்டிகள் போன பாதை ஏட்டில் இருக்கிறது. அவற்றை நிரப்பிய கைகள்? கங்காணிகள் முன்பணம் கொடுத்து திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேற்றினார்கள். தேயிலை கம்பிவடத்தில் இறங்கியது. அதைக் கிள்ளிய சனங்கள் கால்நடையாகவே ஏறினார்கள். முன்பணக் கடன் தீரும்வரை ஊர் திரும்புவது லேசல்ல. ரயில் தொடங்கிய ஆண்டு நமக்குத் தெரியும். அதன் பாதைக்கு மண் வெட்டியவர் ஒருவரின் பெயராவது சொல்ல முடியுமா?

என்னிடம் படித்தவர்களில் பலருடைய தாத்தா, பாட்டி 'மலைக்குப் போனவர்கள்'. வகுப்பில் அதைச் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளைகளும் உண்டு. கூச்சப்பட அதில் ஒன்றுமில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்: எந்த ஊரிலிருந்து போனார்கள், எந்த எஸ்டேட், எந்த லயம், கங்காணி யார்? ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் இங்கேயும் எழுதுங்கள்.

இன்னொன்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது நினைவிருக்கும். வனத்துறை அனுமதி இல்லாமல் யாரும் அந்த மலையில் கால் வைக்காதீர்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.