ஐஸ் ஹவுஸில் படித்த அத்தைப் பாட்டி

சுப்புலட்சுமி என்றால் நம் வயதுக்காரர்களுக்கு எம்.எஸ். அம்மாவின் குரல்தான் முதலில் காதில் விழும். எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பெயர் வேறொருவருடையது. என் அத்தைப் பாட்டி, அதாவது தாத்தாவின் தங்கை, அவரை "சிஸ்டர்" என்பார். சொல்லும்போதே புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொள்வார், அவர் எதிரில் நிற்பதைப் போல.

அத்தைப் பாட்டிக்கு ஒன்பது வயதில் கல்யாணம். பதினொன்றில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண் குழந்தைக்கு என்ன கதி என்பது உங்களுக்குத் தெரியும். தலையை மழித்து, நார்மடி கொடுத்து, சமையலறை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். தாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. உறவுக்காரர்களின் ஏச்சுப் பேச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, தங்கையை ரயிலேற்றிச் சென்னைக்கு அழைத்து வந்து ஐஸ் ஹவுஸில் சேர்த்தார்.

அங்கே இருந்த சகோதரி சுப்புலட்சுமியும் அதே துயரத்தைப் பட்டவர்தான். 1886-ல் பிறந்து, சிறு வயதிலேயே கணவனை இழந்தவர். ஆனால் அவருடைய தந்தை சுப்பிரமணிய ஐயர் மகளின் தலையை மழிக்க விடவில்லை, படிக்க வைத்தார். பிரசிடென்சி கல்லூரியில் படித்து 1911-ல் பி.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண் என்று அவரைச் சொல்வார்கள். அதோடு நிற்காமல், எழும்பூரில் ஒரு வீட்டில் நான்கு இளம் விதவைப் பெண்களை வைத்துக்கொண்டு விடுதியைத் தொடங்கினார். அவருடைய சித்தி வாலாம்பாள், அவரும் விதவை, கூட இருந்து பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஆண் வாத்தியார் என்றால் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டார்கள். ஆசிரியைகளோ கிடையாது. கல்யாணமான பெண் வீட்டை விட்டு வேலைக்கு வர முடியாது, படிப்பதற்கு முன்பே எல்லோருக்கும் கல்யாணமும் ஆகிவிடும். யாருக்கும் வேண்டாதவர்கள் என்று மூலையில் ஒதுக்கப்பட்ட இந்தப் பெண்களையே ஆசிரியைகளாக்கினால் என்ன? சிஸ்டரும், பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியாக இருந்த மிஸ் லிஞ்சும் யோசித்தது இதைத்தான். அரசாங்கமும் துணைக்கு வந்தது. ஒரு காலத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேர்த்து வைத்த அந்தக் கடற்கரைக் கட்டடம் இவர்களுடைய விடுதியாயிற்று. 1922-ல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஆரம்பமானபோது சிஸ்டர்தான் முதல் பிரின்சிபால்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டுமாகவே இருந்தது. ஆசாரம் கெடாது என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் பெற்றவர்கள் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது ஒரு நியாயம். மற்ற சாதிகளில் வாசலில் நின்ற குழந்தைகளுக்கு அது நியாயமாகத் தெரிந்திருக்காது என்பதும் உண்மை.

அத்தைப் பாட்டி அங்கே படித்து, பயிற்சி முடித்து, வெளியூர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை ஆனார். முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். ஒரு தடவை நான் கேட்டேன், "பாட்டி, சிஸ்டர் உங்ககிட்ட ரொம்பப் பரிவா இருப்பாளா?"

"பரிவா? அது ஊரெல்லாம் கிடைச்சுதுடா. 'ஐயோ பாவம்'னு சொல்லாதவா யாரு? அவர் ஒருத்தர்தான் எனக்குக் கணக்குல மார்க் ஏன் குறைஞ்சுதுன்னு கேட்டார்."

நான் இத்தனை வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வார்த்தையின் கனம் புரிகிறது. சிஸ்டர் அந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தது இரக்கம் அல்ல, மாதச் சம்பளம். யாரிடமும் கை நீட்டாமல் வாழும் வழி.

அந்தச் சம்பளத்தின் பென்ஷனில்தான் என் கல்லூரிக்குப் பணம் கட்டினார்கள். ஆனால் என் கல்யாணத்தில், மாங்கல்ய தாரணத்தின்போது, அத்தைப் பாட்டி தானாகவே எழுந்து உள்ளே போய்விட்டார். நான் மணையில் உட்கார்ந்தபடி பார்த்தேன். "பாட்டி, இங்கேயே இருங்கோ" என்று கூப்பிட்டிருக்கலாம். பட்டம் வாங்கிய எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷம் அவர் போய்விட்டார்.

சிஸ்டருக்கு 1958-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 1969 டிசம்பரில் காலமானார். ஐஸ் ஹவுஸ் இப்போது விவேகானந்தர் இல்லம். மெரினாவில் நடக்கப் போகும்போதெல்லாம் அதன் எதிரே கொஞ்சம் நிற்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பாட்டி ஆசிரியையாக இருந்திருந்தால், அவர் எங்கே படித்தார் என்று விசாரித்துப் பாருங்கள். பேரன் பேத்திகளிடமும் சொல்லுங்கள்.