சாரலும் சலாபமும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் பேசினான். தை மாதம் கல்யாணம், முடிந்ததும் பாலித் தீவுக்குப் போகிறார்களாம். "சார், அங்க கடலும் மழைக்காடும் ஒரே பேக்கேஜ்ல வருது" என்றான். நல்லபடியா போயிட்டு வாப்பா என்று வாழ்த்தினேன். போனை வைத்த பிறகு ஒரு கேள்வி வந்தது. நாசரேத்திலிருந்து மணப்பாடு கடற்கரை சுமார் 30 கிலோமீட்டர். குற்றாலம் 100 கிலோமீட்டர் போல இருக்கும். இவ்வளவு பக்கத்தில் இரண்டும் இருந்தும், புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டு வந்ததாக நம் பெரியவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லையே, ஏன்? காசு இல்லை என்பது பாதிப் பதில். மீதிப் பதில் காற்றில் இருக்கிறது.

ஆனி, ஆடியில் நம் பக்கம் தேரிக்காட்டுச் செம்மண் எப்படிப் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சைக்கிளில் எதிர்க்காற்றில் பள்ளிக்கூடம் வந்தவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அது தென்மேற்குப் பருவக்காற்று. மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு, ஆரியங்காவு கணவாய் வழியாக மிச்ச ஈரத்தோடு நுழைந்து குற்றாலத்தில் சாரலாகத் தூறுகிறது. நம் ஊர் வந்து சேருவதற்குள் ஈரம் தீர்ந்துபோகிறது. மலையடிவாரத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு வந்து கடலோரம் தேரியாகக் குவித்ததும் இந்தக் காற்றுதான் என்கிறார்கள் நிலவியல் படித்தவர்கள். அங்கே அருவி கொட்டும் நாளில் நமக்கு இங்கே புழுதி. கடலிலும் அலை மூர்க்கமாக இருக்கும்.

கடல் அமைதியாகக் கிடப்பது மாசி, பங்குனி, சித்திரையில். தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடந்ததும் ஏறக்குறைய அந்த மாதங்களில்தான். கடலுக்கடியில் உள்ள முத்துப் பார்களைச் சோதித்து, சிப்பி விளைந்திருந்தால்தான் சலாபம் அறிவிப்பார்கள். பல வருஷம் சும்மாவே போகும். அறிவித்துவிட்டால் கரையில் ஒரு பந்தல் நகரமே எழும்பும். ஆனால் புதுப்பெண்ணைக் கூட்டிப்போய்க் காட்டும் இடம் இல்லை அது. முத்தெடுக்கச் சிப்பிகளைக் குவித்து அழுக வைப்பார்கள், அந்த நாற்றத்தை நினைத்துப் பாருங்கள்! குளிப்பவர்களின் குடும்பங்களுக்கோ அது உயிர்ப் பயத்தோடு காத்திருக்கும் காலம். மூழ்குகிறவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் மச்சானாக இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அறுக்க அவன் விடமாட்டான் அல்லவா!

ஆக, கடலும் காடும் தூரத்தால் பக்கம், பருவத்தால் எதிரெதிர். இதற்கு மேல் நம் வழக்கங்களும் குறுக்கே வந்தன. குற்றாலச் சீசனின் நடுவில் வருவது ஆடி மாதம். அப்போது புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது இந்துக் குடும்பங்களின் வழக்கம். கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனியில் நம் ஊர்ச் சபைகளில் லெந்து நாட்கள், கல்யாணமே கிடையாது. யார் திட்டமிட்டார்களோ தெரியாது, இரண்டு பக்கமும் வாசல் அடைத்தாகிவிட்டது.

தம்பதியாக இந்த மலைக்கும் கடலுக்கும் இடையே பயணப்பட்டவர்கள் என்று எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கால்டுவெல் ஐயரும் எலிசா அம்மாளும்தான். 1844 மார்ச்சில் நாகர்கோவிலில் திருமணம். எலிசா அங்கேயே வளர்ந்தவர், மிஷனரி மால்ட் தம்பதியின் மகள். நாஞ்சில் நாட்டுப் பசுமையிலிருந்து கணவரோடு உவரிக் கடற்கரைக்குப் பக்கத்தில் இடையன்குடித் தேரி மணலுக்கு வந்து சேர்ந்தார். தேனிலவு என்று சொல்ல முடியுமா? வந்த இடத்தில் பெண்பிள்ளைகளுக்குப் படிப்பும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தார். ஐயரின் கடைசி நாட்களும் மலையில்தான். 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் இறந்தார், அடக்கம் இடையன்குடியில்.

அன்றைய வெள்ளைக்காரர்களுக்குக் குற்றாலம் உடம்பு தேற்றும் இடம். கம்பெனியார் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டார்கள். தாவரவியலார் ராபர்ட் வைட் 1830களில் அந்தக் காட்டில் செடிகள் சேகரித்தார். நம்மவர்களுக்கு வழி திறந்தது ரயில். திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-ல் பாதை வந்தது. திருச்செந்தூர்ப் பாதை 1923-ல். அதன் பிறகு நாசரேத்தில் ஏறி திருநெல்வேலியில் மாறினால் தென்காசியில் இறங்கலாம். அப்படியும் தனியாகவா போனார்கள்? என் அப்பாவும் அம்மாவும் கல்யாணமான வருஷம் குற்றாலம் போனார்களாம், கூட எட்டுப் பேர், இரண்டு பானை, ஒரு மூட்டை அரிசி!

தனியாகப் போகலாம் என்ற ஆசையைச் சினிமாதான் ஊட்டியது. ஸ்ரீதரின் 'தேன் நிலவு' 1961-ல் வந்து காஷ்மீரைக் காட்டியது. அதே 1961-ல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது. பிறகு பார்களில் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி கிடைக்கவில்லை.

காட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனிக்குக் கொடுத்தது. மழைக்காட்டை வெட்டித்தான் மாஞ்சோலைத் தேயிலை வந்தது. இப்போது அந்த மலை களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. குத்தகை 2028-ல் முடிகிறது. 2024-லேயே கம்பெனி வேலையை நிறுத்தித் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டது. அங்கேயே பிறந்து, அங்கேயே பெண்ணெடுத்து, லயத்து வீடுகளில் குடும்பம் நடத்திய ஜனங்கள் அவர்கள். காடு திரும்ப வளர வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த மக்களுக்குச் சமவெளியில் வீடும் பிழைப்பும் தந்துவிட்டல்லவா இறங்கச் சொல்ல வேண்டும்?

தொல்காப்பியர் நெய்தலுக்கு இரங்கலையும் குறிஞ்சிக்குப் புணர்தலையும் வைத்தார். குறிஞ்சிக்குரிய பருவம் கூதிரும் முன்பனியும், அதாவது ஐப்பசி முதல் தை வரை. நம் மாவட்டத்துக்கு இது அப்படியே பொருந்துகிறது. வடகிழக்கு மழை ஓய்ந்து, மார்கழிக் கடைசியிலும் தையிலும் மலை பச்சையாக இருக்கும், அருவியில் ஓரளவு தண்ணீர் இருக்கும், தேரிக் காற்றும் இல்லை. கிறிஸ்துமஸ் லீவில் கல்யாணம் வைக்கிறவர்கள் கவனிக்கவும். மணப்பாட்டு மணல்திட்டுக்குச் சாயங்காலம் போங்கள். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி வேண்டும், முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.